ஒரு டப்பா கார்ன்ஃபிளேக்ஸும் ஒரு டப்பா கடலையும்

பர்மாவில், யாங்கோனில் எங்கள் மதினி வீட்டில் இப்போது வறுத்த வேர்க்கடலைக்குத் தடை. அண்ணனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் வந்தது. கடலையில் எண்ணெய் இருக்கிறது, எண்ணெய் என்றால் கொலஸ்ட்ரால் என்று கோயிலில் யாரோ சொல்லிவிட, சாயங்காலம் லப்பெத் என்ற ஊறவைத்த தேயிலையோடு வரும் கடலைத் தட்டு அன்றோடு போயே போய்விட்டது. அதற்குப் பதிலாகக் காலையில் பெட்டியில் வந்த கார்ன்ஃபிளேக்ஸ், அதன் மேல் இரண்டு பெரிய கரண்டி டின்பால், அதாவது சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சி டின்னில் அடைத்த பால். "பெட்டியைப் பாருங்க தம்பி, எத்தனை வைட்டமின், இரும்புச்சத்து வேற. கடலைப் பொட்டலத்தில என்ன எழுதியிருக்கு?" என்று மதினி கேட்டார். பழைய செய்தித்தாளில் மடித்த பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கும், போன மாதத்துச் செய்திதான்.

இதே பேச்சை டீக்கடையிலும் கேட்கிறேன், கல்யாண வீட்டிலும் கேட்கிறேன். ஒருவர் நட்ஸ் மாதிரி உண்டா என்பார், அடுத்தவர் அது வெறும் கொழுப்பு என்பார், எந்த அளவை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று மட்டும் இருவரும் சொல்ல மாட்டார்கள். சண்டையில் முக்கால்வாசி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. சரி, அடியிலிருந்து வருவோம்.

இரண்டும் விதைதான்

சீரியல் என்று பெட்டியில் போட்டு விற்றாலும் பொருள் நமக்குப் புதிதில்லை. அவலும் பொரியும் அந்த வகைதான். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்தால் அவல். மக்காச்சோளத்தின் மேல்தோலையும் முளையையும் நீக்கி உடைத்து, சர்க்கரை, உப்பு, மால்ட் சேர்த்து வேகவைத்து, உருளைகளுக்கு நடுவே நசுக்கி, சூட்டில் மொறுமொறுப்பாக்கினால் கார்ன்ஃபிளேக்ஸ். அமெரிக்காவில் பேட்டில் கிரீக் என்ற ஊரில் கெல்லாக் சகோதரர்கள் 1894இல் முதலில் கோதுமையில் இதைச் செய்தார்கள். பிறகு தம்பி 1906இல் சோளத்தை வைத்துக் கம்பெனியே தொடங்கிவிட்டார். ஓட்ஸ் இன்னும் எளிது, உமி நீக்கி, ஆவியில் வேகவைத்து, தட்டையாக்கியது, அவ்வளவுதான்.

நட்ஸ் என்பதற்குத் தமிழில் வீட்டுப் புழக்கத்தில் ஒரே சொல் கிடையாது. முந்திரிப்பருப்பு, பாதாம்பருப்பு என்கிறோம், வேர்க்கடலை என்கிறோம், எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவதில்லை. தாவரக் கணக்கில் அதுதான் சரியும்கூட, ஏனென்றால் வேர்க்கடலை உளுந்துக்கும் பட்டாணிக்கும் சொந்தம், மரத்தில் காய்க்கும் பாதாமுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு முந்திரி, பாதாம் மாதிரியே இருப்பதால் சத்துக் கணக்குப் போடுகிறவர்கள் அதை நட்ஸோடு சேர்த்துக்கொள்கிறார்கள். நானும் இங்கே பெரும்பாலும் கடலையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். மக்வே, மண்டலே பக்கத்து வறண்ட பூமியில் விளைந்து நம் சந்தையில் கொட்டிக் கிடப்பது அதுதான், பாதாமை யார் தினமும் வாங்கித் தின்பது?

இனி விஷயம். விதை முளைக்கும்போது அதற்கு இலையும் இல்லை, ஊன்றிய வேரும் இல்லை. முதல் சில நாள் பாட்டுக்குத் தாய்ச்செடி ஒரு கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்புகிறது. நாம் தின்பது அந்தக் கட்டுச்சோற்றைத்தான். நெல், சோளம், கோதுமை அதைப் பெரும்பாலும் மாவுச்சத்தாகக் கட்டுகின்றன. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் என்ற சர்க்கரை மணிகள் நீளமாகக் கோத்த சரம். கடலை, முந்திரி, பாதாம் எல்லாம் அதைப் பெரும்பாலும் எண்ணெயாகவும் புரதமாகவும் கட்டுகின்றன. புரதம் என்பது தசையையும் ரத்தத்தையும் கட்ட உடம்புக்கு வேண்டிய செங்கல். எண்ணெய்க்கு இடம் குறைவாகப் போதும், பலம் அதிகம்.

இன்னொன்று. சோளத்தின் தோலையும் முளையையும் நீக்கினார்கள் என்றேனே, அங்கேதான் அந்த விதையின் நார்ச்சத்தும் நல்ல எண்ணெயும் பல வைட்டமின்களும் இருந்தன. நார்ச்சத்து என்பது நம் குடல் செரிக்க முடியாத, ஆனாலும் செரிமானத்தை நிதானப்படுத்தி வயிற்றை ஒழுங்காக வைக்கிற பகுதி. கடலையைத் தின்னும்போது கட்டுச்சோற்றை முழுசாகத் தின்கிறோம், கார்ன்ஃபிளேக்ஸில் பாதி மூட்டையை வழியிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: இரண்டும் விதை, ஒன்று மாவு மூட்டை, மற்றது எண்ணெயும் புரதமும் சேர்ந்த மூட்டை.

டின்பால் டப்பா கணக்கு

பர்மாவில் அரிசியும் பருப்பும் காலி டின்பால் டப்பாவில் அளப்பது எல்லாருக்கும் தெரியும். எட்டு டப்பா சேர்ந்தால் ப்யி என்ற பர்மிய அளவு ஒன்று. அந்தக் கணக்கில் ஒரு டப்பா ஏறக்குறைய 320 மில்லிலிட்டர். மதினி வீட்டு டப்பாவில் தலைதட்டிக் கார்ன்ஃபிளேக்ஸ் எடுத்தால் 35 கிராமை ஒட்டி வரும். அதே டப்பாவில் தோலுரித்த கடலை எடுத்தால் 190 கிராம் பக்கத்தில் நிற்கும். ஐந்து மடங்குக்கும் மேலே வித்தியாசம், ஏனென்றால் கார்ன்ஃபிளேக்ஸ் டப்பாவில் பெரும்பகுதி காற்று.

இப்போது கலோரி. கலோரி என்பது உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலின் அளவு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவையான ஆற்றலைத்தான் உணவுப் பேச்சில் ஒரு கலோரி என்கிறோம், பெட்டியில் கிலோ கலோரி என்று போட்டிருப்பதும் இதேதான். மாவுச்சத்திலும் சர்க்கரையிலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, புரதத்திலும் 4, கொழுப்பில் மட்டும் 9. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் ஆட்வாட்டர் என்பவர் உணவை எரித்துப் பார்த்தும் மனிதர்களை வைத்துச் சோதித்தும் போட்ட கணக்கின் வழியில் வந்த எண்கள் இவை. உலகத்தில் பாதிப் பெட்டிகளுக்குப் பின்னால் இன்றும் இவைதான் உட்கார்ந்திருக்கின்றன.

ஆக 100 கிராம் கார்ன்ஃபிளேக்ஸில் சுமார் 360 கலோரி, 100 கிராம் கடலையில் சுமார் 570. எடைக்கு எடை பார்த்தால் ஒன்றரை மடங்கு சொச்சம், பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் டப்பாவுக்கு டப்பா பார்த்தால் 130க்கும் 1,080க்கும் போட்டி, எட்டு மடங்கு! கடலை குண்டாக்கும் என்று சொல்கிற ஆள் மனசில் வைத்திருப்பது டப்பாவை. கடலைதான் சத்து என்கிறவர் எடைப் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறார். இருவர் சொல்வதும் அவரவர் அளவில் சரி.

நாம் சந்தையில் வீசைக்கணக்கில் வாங்குவதும் இதில் குழப்பம் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் இருந்த வீசை ஏறக்குறைய 1.4 கிலோ, இங்கே 1.63 கிலோ, பெட்டிக்காரன் கிராமில் எழுதுகிறான். பேர் நம்முடையது, அளவு அவர்களுடையது, என்ன செய்ய.

வயிற்றுக்கு எது நியாயமான தராசு?

டப்பாவும் சரியில்லை, எடையும் முழுசாகச் சரியில்லை என்றால் எதில் அளப்பது? உடம்பு ஒரு நாளைக்கு இத்தனை கலோரி என்று ஒரு பட்ஜெட் வைத்திருக்கிறது. அதனால் ஒரே கலோரிக்கு எவ்வளவு சத்து வருகிறது என்று பார்ப்பதுதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. 200 கலோரி வாங்கக் காசு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்ன்ஃபிளேக்ஸ் கடையில் அதற்கு 55 கிராம் கிடைக்கும், அதில் புரதம் 4 கிராம், மாவுச்சத்தும் சர்க்கரையுமாக 46 கிராம், கொழுப்பு பேருக்கு. கடலைக் கடையில் 35 கிராம்தான் கிடைக்கும், ஆனால் அதில் புரதம் 9 கிராம், கொழுப்பு 17 கிராம், நார்ச்சத்து 3 கிராம். ஓட்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, 52 கிராமில் 7 கிராம் புரதமும் 5 கிராம் நார்ச்சத்தும் தரும். நார்ச்சத்தில் ஓட்ஸ் கடலையையே முந்துகிறது, பாருங்கள்.

நட்ஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெட்டியில் எழுதிய கலோரி முழுவதும் நமக்கு வந்து சேர்வதில்லை. பாதாமில் எண்ணெய் சின்னச் சின்ன அறைகளுக்குள் பூட்டிக் கிடக்கிறது, நாம் மென்று உடைக்காத அறைகள் அப்படியே வெளியே போய்விடுகின்றன. அமெரிக்க விவசாயத் துறையின் ஆய்வாளர்கள் 2012இல் ஆட்களுக்குப் பாதாம் கொடுத்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து பார்த்தபோது, 170 கலோரி என்று கணக்கிட்ட 28 கிராம் பாதாமிலிருந்து கிடைத்தது சுமார் 129தான். அரைத்து மாவாக்கினால் இந்தச் சலுகை குறைந்துவிடும்.

புரதத்தில் ஒரு நுணுக்கம் சொல்லிவிட்டு நகர்கிறேன். புரதச் செங்கல்லுக்குள் அமினோ அமிலம் என்ற சிறு துண்டுகள் உண்டு, அவற்றில் சில உணவிலிருந்து மட்டுமே வர வேண்டும். லைசின் அதில் ஒன்று. தானியத்தில் லைசின் குறைவு, கடலையிலும் அது தாராளம் என்று சொல்ல முடியாது. பட்டாணியிலும் பருப்பிலும்தான் நிறைய. நம் ஊரில் காலையில் நான் ரொட்டியோடு தின்கிற அவித்த பட்டாணி இந்த ஒரு விஷயத்தில் பெட்டிச் சீரியல், கடலை இரண்டையும் தோற்கடித்துவிடும். அதற்குத்தான் விளம்பரம் இல்லை.

சர்க்கரை எங்கே இருக்கிறது?

அண்ணன் விஷயத்துக்கு வருவோம். மாவுச்சத்துச் சரம் குடலில் அறுந்து குளுக்கோஸாக ரத்தத்துக்குள் போகிறது. எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், அதற்குக் கிளைசீமிக் குறியீடு என்று பெயர். தனிக் குளுக்கோஸுக்கு 100 என்று வைத்து, மற்ற உணவின் மாவுச்சத்து அதோடு ஒப்பிட எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்ப்பது. கார்ன்ஃபிளேக்ஸுக்குச் சுமார் 80. சாதாரண ஓட்ஸ் கஞ்சிக்கு 55 பக்கம், வெந்நீர் ஊற்றினால் உடனே கரைகிற ஓட்ஸுக்கு மறுபடி 80ஐ ஒட்டி. கடலைக்கு 15ஐத் தாண்டாது. காரணம் முன்னாலேயே பார்த்ததுதான். ஏற்கெனவே வெந்து, நசுங்கி, காய்ந்த மாவு வாயிலேயே பாதி கரையும். கடலையில் மாவே கொஞ்சம், அதுவும் எண்ணெயோடும் நாரோடும் பின்னிக் கிடக்கிறது.

சர்க்கரை ஏறுகிறது என்று கடலையை நிறுத்திவிட்டுக் கார்ன்ஃபிளேக்ஸுக்கு மாறினால், பேருந்தை விட்டு இறங்கி எதிர்ப்பக்கப் பேருந்தில் ஏறின மாதிரி.

ஆனால் பெட்டியையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. சாதாரணக் கார்ன்ஃபிளேக்ஸில் 100 கிராமுக்குச் சர்க்கரை 8 முதல் 10 கிராம்தான், ஒரு வேளைக்கு 30 கிராம் போட்டால் 3 கிராம். மதினி மேலே ஊற்றுகிற டின்பால்? இரண்டு பெரிய கரண்டி, அதாவது 40 கிராம், அதில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை. தேக்கரண்டிக் கணக்கில் ஐந்து. சேர்க்கிற சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருக்கிறது, அண்ணன் காலை எட்டு மணிக்கே அதன் வாசலில் நிற்கிறார், அதற்கு மேல் டீ வேறு. சாக்லேட் பூசிய, தேன் தடவிய பிள்ளைகள் சீரியலில் 100 கிராமுக்கு 25 முதல் 35 கிராம் சர்க்கரை சாதாரணம். கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் த்ரீ இன் ஒன் சீரியல் பாக்கெட்டுகளை எடுத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக எழுதுவது வழக்கம், சிலவற்றில் தானியத்தின் பேர் வருவதற்குள் சர்க்கரையும் க்ரீமரும் வந்து போய்விடும். தாய்லாந்துச் சரக்கில் எழுத்து புரியாவிட்டாலும் எண்கள் புரியும்தானே.

கொழுப்பு என்றதும் வரும் பயம்

கொலஸ்ட்ரால் என்பது விலங்கு உடம்பு செய்யும் ஒரு மெழுகுப் பொருள். கடலையிலோ முந்திரியிலோ அது கணக்கில் எடுக்கிற அளவுக்குக் கிடையவே கிடையாது. நம் ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவது பெரும்பாலும் நிறைவுற்ற கொழுப்பு, அதாவது வெண்ணெய், பாமாயில், கொழுப்பு இறைச்சியில் இருப்பது போன்ற, சாதாரணச் சூட்டில் உறையும் தன்மையுள்ள வகை. கடலையின் எண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாத வகை, அது கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் இறக்கத்தான் செய்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2003இல், நாளுக்கு 42 கிராம் நட்ஸ் நிறைவுற்ற கொழுப்புக் குறைந்த சாப்பாட்டின் பகுதியாக இருந்தால் இதய நோய் ஆபத்தைக் குறைக்கலாம் என்று பாக்கெட்டில் எழுத அனுமதித்தது, கடலையும் அந்தப் பட்டியலில் உண்டு. கவனியுங்கள், 42 கிராம். நம் டப்பாவில் கால்வாசிகூட இல்லை.

இது வெறும் வறுத்த கடலைக்குச் சொன்னது. பாமாயிலில் பொரித்து உப்பைத் தூவியது வேறு சரக்கு. அதே சமயம் உப்பு என்றதும் கடலையை மட்டும் பார்க்காதீர்கள், இனிப்பாக இருக்கும் கார்ன்ஃபிளேக்ஸில் 100 கிராமுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருப்பது சாதாரணம். உப்புப் போடாத கடலையில் 20கூட வராது.

சுருக்கமாக, எடை போடுமா என்ற கேள்விக்கும் இதயத்துக்குக் கெடுதலா என்ற கேள்விக்கும் பதில் வேறு வேறு. முதலாவதுக்கு அளவு முக்கியம், இரண்டாவதுக்குக் கொழுப்பின் வகை.

பெட்டியில் எழுதிய வைட்டமின்

மதினி கேட்டது நல்ல கேள்வி, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. பெட்டியில் இருக்கும் வைட்டமின் பொய்யில்லை. அது தொழிற்சாலையில் தெளித்தது, இதற்குச் செறிவூட்டல் என்று பெயர், உணவில் இல்லாத அல்லது போய்விட்ட சத்தை வெளியிலிருந்து சேர்ப்பது. சில பெட்டிகளில் சேர்க்கும் இரும்பு நிஜமான இரும்புத்தூள். கார்ன்ஃபிளேக்ஸை நன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து நல்ல காந்தத்தைப் போட்டுக் கிண்டினால் கரும்பொடி ஒட்டிக்கொண்டு வரும், பிள்ளைகளுக்குச் செய்து காட்ட அருமையான வேலை.

சேர்த்தது என்பதால் மட்டமில்லை. பி12 என்ற வைட்டமின் எந்தக் கொட்டையிலும் இல்லை, பால், முட்டை, மீன் தொடாத வீட்டில் செறிவூட்டிய சீரியல் அதைத் தரலாம். இரும்பிலும் பெட்டி பல நேரம் கடலையை முந்தும், கடலையில் 100 கிராமுக்கு 4 முதல் 5 மில்லிகிராம்தான். ஆனால் பெட்டிக்காரன் எதைச் சேர்த்தானோ அதைத்தான் பெரிய எழுத்தில் போடுவான். கடலையில் 170 மில்லிகிராமும் முந்திரியில் 290ம் இருக்கும் மக்னீசியம், பாதாமில் நிறைந்திருக்கும் வைட்டமின் ஈ, கடலையில் தாராளமாக உள்ள ஃபோலேட், இதெல்லாம் கார்ன்ஃபிளேக்ஸில் சேர்த்தால் உண்டு, இல்லாவிட்டால் சொற்பம். கடலைக்கு வாய் இல்லை, அவ்வளவுதான்.

நமக்கென்று ஒரு குறுக்குச் சால் இருக்கிறது, டீ. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் தாவர இரும்பையும் சேர்த்த இரும்பையும் குடலில் பிடித்துவைத்துக்கொள்ளும். சீரியலை முடித்த கையோடு லப்பெயே என்ற பால் டீயைக் குடித்தால் பெட்டியில் எழுதிய இரும்பில் ஒரு பங்கு வீண். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், சாப்பாட்டோடு கொய்யாவோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு இன்னும் நன்றாக ஏறும்.

மழைக்காலத்துக் கடலை

கடலைக்காக இவ்வளவு வாதாடிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் கடலையில் ஒரு பூஞ்சை பிடிக்கும், அது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஆயிரக்கணக்கில் செத்துவிழுந்தபோது, அவற்றுக்குப் போட்ட கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். கல்லீரலுக்கு ஆகாது, நாள்பட்டால் புற்றுநோய்வரை போகும், மஞ்சள் காமாலை பி (ஹெபடைட்டிஸ் பி) கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். வறுத்தால் முழுசாகப் போகாது. ஜூன் முதல் அக்டோபர் வரை நம் வீடுகளில் துணியே காய்வதில்லை, கடலை மட்டும் காய்ந்து இருக்குமா? கொஞ்சமாக வாங்குங்கள், மூடி இறுகின டப்பாவில் வையுங்கள், சுருங்கினது, நிறம் மாறினது, பூசணம் பட்டது எல்லாவற்றையும் பொறுக்கி வீசுங்கள், வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் காற்றுப் புகாமல் அடைத்துவரும் பெட்டிக்கு மார்க் கொடுக்கத்தான் வேண்டும்.

மதினி வீட்டில் இப்போது

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியும் நானும் அதே காலி டப்பாவையும் சமையலறைத் தராசையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஓட்ஸ் 40 கிராம், சர்க்கரை இல்லாத பால், மேலே உடைத்த கடலை ஒரு சின்னக் கைப்பிடி, அது 20 கிராம் வந்தது. மொத்தத்தில் பால் போக 265 கலோரி, புரதம் 10 கிராம், நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல். நம் பொரிகடலைக் கூட்டணியேதான், என்ன, பொரியும் பொட்டுக்கடலையும் ஆளை மாற்றியிருக்கின்றன. அண்ணனின் மாத்திரை, அளவு எல்லாம் அவருடைய டாக்டர் பார்த்துக்கொள்வார், அதில் நான் தலையிடவில்லை.

சாயங்கால லப்பெத் தட்டுக்கும் தடை நீங்கியது, ஆனால் கடலை இனி டீ சாஸரில் ஒரு மட்டம்தான், அதற்கு மேல் மதினி விடுவதில்லை. சின்னவனுக்கு மூன்று வயசு, அவனுக்கு முழுக் கடலை கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழாயில் போய் அடைத்துவிடும். அரைத்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறார்கள். டின்பால் மட்டும் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, விருந்தாளிக்கு என்று சொல்கிறார் அண்ணன்.